பச்சைப் பட்டைக்குள் நின்ற மூச்சு

அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவும் முடிந்து, கதிர்வீச்சு மட்டும் பாக்கியிருந்தது. கட்டி இருந்தது இடது மார்பில் என்பதால், கதிர் போகும் வழியில் இதயமும் இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் நிறைந்து இதயம் சற்றுத் தள்ளிப்போகும், மார்பும் அசையாது என்றார் டாக்டர். அந்த நிலையில் எடுக்கும் சி.டி. ஸ்கேனை வைத்துத்தான் சிகிச்சையைத் திட்டமிடுவார்களாம்.

"ஒவ்வொரு தடவையும் மூச்சு ஒரே அளவுல நிக்கணும். முடியலன்னா சாதாரண மூச்சுலயே எடுத்துக்கலாம். இதயத்துல கொஞ்சம் கூடப் படும், அவ்வளவுதான்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பயிற்சி செய்தேன். கட்டிலில் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் வைத்து, முடிந்த மட்டும் இழுத்துப் பிடிப்பேன். என் மகளுக்கு மூன்று வயது. என் மார்பில் காதை வைத்துத்தான் தூங்குவாள். அறுவைக்குப் பிறகு வலப்பக்கத்துக்குப் பழக்கியிருந்தேன். என் மூச்சு நின்றதும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். கன்னத்தைத் தட்டுவாள்.

"அம்மா, மூச்சு வுடு."

விளையாட்டு என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

ஸ்கேன் அன்று, மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த நாத்தனாருக்குக் காய்ச்சல். நானும் கணவரும் மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் அறையில் என்னைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் சிறிய பெட்டி ஒன்றை வைத்தார்கள். அது ஏறி இறங்குவதைக் கேமரா பார்க்கும். கண்ணெதிரே திரையில் என் மூச்சு மஞ்சள் கோடாக ஓடியது. மேலே ஒரு பச்சைப் பட்டை. கோடு அதற்குள் போய் நிற்க வேண்டும்.

"இழுங்க... புடிங்க," என்றது ஒலிபெருக்கி. இழுத்தேன். கோடு பட்டையைத் தாண்டிப் போய்விட்டது. மறுமுறையும் தாண்டியது. டெக்னீஷியன் அக்கா உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, பரிச்சையா எழுதுற? எக்ஸ்ட்ரா பேப்பர் கேட்டுக்கினே கீற!"

"நல்லா இழுத்தா இதயம் நல்லாத் தள்ளிப்போகும்னு..."

"முதுகைத் தூக்கிக்கினு இழுக்குற. இன்னிக்கு வரும், நாளைக்கு வருமா? தினமும் வர்ற அளவுதான் எங்களுக்கு வேணும்."

இத்தனை நாளும் தப்பாகவே பழகியிருக்கிறேன்.

அடுத்த முறை குறைத்து இழுத்தேன். கோடு பட்டைக்குள் நின்றது. அப்போது கதவுக்கு வெளியே மகள் அழுதாள். "அம்மா!" கோடு சரிந்தது. திரும்பவும் முயன்றேன், திரும்பவும் அழுகை.

"இன்னும் ஒரு தபா பாக்கலாம். வரலன்னா சாதாரண மூச்சுலயே எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாரும்மா," என்றார் அக்கா.

என் கணவரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கதவருகே தலை நீட்டினார்.

"அவளத் தூக்கிக்கினு போங்க. சத்தம் கேக்காத தூரம்."

"ரொம்ப அழுவுறா. ஒரு தபா உன் மூஞ்சியக் காட்டுனா அடங்கிடுவா."

"வேணாங்க. போங்க."

அழுகை தாழ்வாரத்தில் தேய்ந்துகொண்டே போய் நின்றது. இழுத்தேன். கோடு பச்சைக்குள் நேராக நின்றது. கேட்காத அந்தக் குரலுக்குக் காதைக் கொடுத்தபடியே மூச்சைப் பிடித்திருந்தேன்.

படம் கிடைத்துவிட்டது. சிகிச்சையும் அதன்படியே நடந்து முடிந்தது. முகத்தைக் காட்டியிருக்கலாமோ என்று இன்னும் நினைக்கிறேன். காட்டியிருந்தால் என் மூச்சு அந்தப் பட்டைக்குள் நின்றிருக்குமா?

சிகிச்சை நாட்களில் தோல் கறுத்து எரிந்தது. அவளை மேலே படுக்க விடவில்லை. இப்போது ஆறிவிட்டது. மதியத்தில் கடற்காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்துப் படுத்திருப்பேன். அவள் கட்டிலருகே வந்து நிற்பாள். என் வயிறு ஏறி இறங்குவதைக் கொஞ்சநேரம் பார்ப்பாள். பிறகு, "அம்மா, வரட்டுமா?" என்பாள்.

வா என்று கையை விரிக்கிறேன். வருகிறாள். என் மார்பில் சாயாமல், தலையணையின் ஓரத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறாள்.