பெரியம்மா கேரம் ஆடிய நாள்

சீரியலுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்கள். "நடிப்பைத் தவிர வேற என்ன தெரியும்?" எனக்கு முன்னால் நின்றவர்கள் நீச்சல் என்றார்கள், சிலம்பம் என்றார்கள், குதிரை ஏற்றம் என்றார்கள். அதில் பாதிப் பேர் குதிரையை மெரினாவில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். நான் உண்மையைச் சொன்னேன். "கேரம் நல்லா ஆடுவேன் சார்." கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சமையல்னு போட்டுக்கறேன்மா" என்றார். எனக்குச் சமையல் சுமாராகத்தான் வரும்.

திரையில் ஒரு நடிகர் நிஜமாகவே ஒரு வேலையைச் செய்கிறார் என்று தெரிந்தால் நமக்கெல்லாம் ஒரு தனி சந்தோஷம். ஹீரோ தன் கையாலேயே பரோட்டா வீசினால், ஹீரோயின் தானே லாரியை ரிவர்ஸ் எடுத்தால், சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். "டூப் இல்ல, அவரேதான்" என்று பக்கத்துச் சீட்டுக்காரருக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அந்தச் சந்தோஷத்துக்கு நேரம் வேண்டும். எங்கள் சீரியலில் நேரம் என்பதே கிடையாது. முகம் ஒருவருடையது, கோலம் போடும் கை இன்னொருவருடையது, ஸ்கூட்டர் ஓட்டும் முதுகு மூன்றாவது ஆளுடையது. வெட்டி ஒட்டிவிடுவார்கள்.

அந்த சீரியலில் நான் பெரியம்மா. யாருக்குப் பெரியம்மா என்று கேட்காதீர்கள், எனக்கே கடைசிவரை தெளிவாகத் தெரியாது. பட்டுப்புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையலுடன் சோபாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் யாராவது அழுதால் நானும் முகத்தைச் சுருக்க வேண்டும். யாராவது அறை வாங்கினால் நெஞ்சில் கை வைக்க வேண்டும். வசனம் கிடையாது. வீட்டில் பொட்டே வைக்காத கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் நான். பல்லாவரத்திலிருந்து பீர்க்கன்கரணைக்கு வந்து பொட்டு வைத்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் போவேன். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. விளக்குகள் எரிந்து, "சைலன்ஸ்" என்று குரல் கேட்கும் அந்த நொடி மிகவும் பிடித்திருந்தது.

அன்று காலை மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர், கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்.

"அம்மா, கதைல ஆளு ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு சேனல்ல சொல்றாங்க. பெரியம்மாவை காசிக்கு அனுப்பிடலாம்னு பேச்சு இருக்கு."

"திரும்பி வருவாளா?"

"காசிக்குப் போனவங்க எங்கம்மா வர்றாங்க!"

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற என்னைக் காசிக்கு அனுப்புகிறார்கள். சிரிப்பு வர வேண்டியது, வரவில்லை. இந்த வயதில் இன்னொரு சீரியலில் இன்னொரு சோபா கிடைக்குமா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அன்றைக்கு எடுத்தது பண்டிகை எபிசோட். குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து கேரம் ஆடுகிறது, மருமகள் மாமனாரை ஜெயிக்கிறாள், நான் பின்னால் நின்று கை தட்டுகிறேன். இதுதான் காட்சி. கேரம் போர்டைப் பார்த்ததுமே எனக்கு விரல் துறுதுறுத்தது. ஆனால் ஆட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாமனார் ஸ்ட்ரைக்கரைப் பல்லாங்குழிச் சோழி மாதிரி பிடித்திருந்தார். மருமகளாக நடித்த பெண் நகம் உடையாமல் இருந்தால் போதும் என்று ஆடினாள். காயின் பாதி தூரம் போய் நின்றுவிடும். உதவி இயக்குநர் குனிந்து அதை விரலால் குழிக்குள் தள்ளுவார், கேமரா அதை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளும்.

காயின் ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போர்டில் கொட்டியிருந்தது மேக்கப் பெட்டியிலிருந்து எடுத்த முகப் பவுடர். நல்ல வாசனை. அவ்வளவு பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அய்யோ, அது மூஞ்சிக்குப் போடுறதுங்க! போர்டுக்கு போரிக் பவுடர்தான் போடணும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய், முந்தானையால் போர்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். காஸ்ட்யூமர் "புடவை, புடவை!" என்று அலறினார். டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் என் குரலைக் கேட்டதே இல்லை.

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"சர்ச் ஹால்ல அண்ணன்மாரோட ஆடி வளர்ந்தவ சார் நான்."

வேன் டிரைவர் பெருங்களத்தூர் மெடிக்கலுக்குப் போய் போரிக் பவுடர் வாங்கி வந்தார். நான் போர்டைத் தேய்த்துப் பதப்படுத்தினேன். டைரக்டர் என்ன நினைத்தாரோ, மாமனாரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். பிறகு கேமராமேனிடம் சொன்னார்: "அவங்க முகத்துல ஆரம்பி. அப்படியே கைக்கு வா. காயின் குழியில விழற வரைக்கும் கட் கிடையாது."

முகமும் கையும் ஒரே ஷாட்டில். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சிவப்புக் காயினான ரெட்டைப் போட வேண்டும், உடனே இன்னொன்றை ஃபாலோவாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் செல்லாது. முதல் டேக்கில் வளையல் போர்டில் இடித்து, ரெட் இருந்த இடத்திலேயே இருக்க, ஸ்ட்ரைக்கர் போய்க் குழியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "பரவாயில்லம்மா, கையை மட்டும் தனியா எடுத்துக்கலாம்" என்றார் டைரக்டர்.

காசி கண்ணுக்குத் தெரிந்தது. "இன்னொரு தடவை சார்" என்றேன். அனுமதிக்குக் காத்திருக்காமல் வளையலையெல்லாம் முழங்கை வரை ஏற்றிவிட்டேன். ஷாட்டுக்கு ஷாட் புடவை, நகை மாறாமல் கன்டினியுட்டி பார்க்கிற பெண் வாயைத் திறந்தாள், டைரக்டர் அவளைக் கையமர்த்தினார். இந்த முறை விளக்கும் தெரியவில்லை, கேமராவும் தெரியவில்லை. ரெட் விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஃபாலோவும் விழுந்தது. மேலே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த லைட்மேன் விசில் அடித்து டேக்கைக் கெடுக்கப் பார்த்தார். "இன்னாக்கா, வெரல்ல காந்தம் வச்சிகினு கீறியா?"

பேஜார் அதற்குப் பிறகுதான். கதைப்படி மருமகள்தானே ஜெயிக்க வேண்டும்? அதனால் கடைசிக் காயினை நான் தவறவிட வேண்டும். குறி பார்த்துத்தான் தவறவிட்டேன், காயின் கட்டையில் மோதித் திரும்பி எதிர்க் குழிக்குள் போய்விட்டது. மறுபடி எடுத்தோம், மறுபடியும் விழுந்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. அழச் சொன்னால் அழுதுவிடுவேன், தப்பாக அடி என்றால் கை கேட்க மாட்டேன் என்கிறது. டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சோத்தாங்கை வோணாக்கா, பீச்சாங்கையால அடி" என்று மேலிருந்து யோசனை வந்தது.

இடது கையால் அடித்தேன். அதுவும் விழுந்தது. மருமகளாக நடித்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நடிப்பெல்லாம் இல்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பில் எல்லோரும் சிரித்தார்கள், டைரக்டரும்தான். "சரி விடுங்கப்பா, பெரியம்மாவே ஜெயிக்கட்டும்" என்றார். கேமரா அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

காசியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். பொட்டை எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு வந்து, வந்த ரயிலில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. தாம்பரம் வருவதற்குள் போன் அடித்தது. மேனேஜர்.

"அம்மா, நாளைக்குக் காலைல வந்துடுங்க. காசி இப்போதைக்கு இல்ல. டைரக்டர் டயலாக் எழுதியிருக்காரு."

"எனக்கா?"

"உங்களுக்குத்தாம்மா. ஒரு லைன்தான். ‘அடுத்து யாரு ஆட வர்றீங்க?’ அவ்ளோதான்."

போனைப் பைக்குள் வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன், வெட்கப்படவில்லை. பிறகு அந்த வசனத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் மிரட்டலாகச் சொன்னேன், கொஞ்சம் கிண்டலாகச் சொன்னேன். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

"இன்னாக்கா, யாராண்ட பேசினு கீற?"

தெரிந்தவர்களிடம்கூட நானாக வாய் திறந்து சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன்.

"நான் நடிகை. நாளைக்கு எனக்கு டயலாக் இருக்கு."