மாமாவின் பிளாஸ்டிக் நாதஸ்வரம்

அளந்தவன் நான்தான். அளவில் தவறில்லை என்று இந்த வயதிலும் சொல்வேன். மூன்று முறை சரிபார்த்தேன். ஏழு விரல் துளைகள், ஒவ்வொன்றுக்கும் உள்ள இடைவெளி, மொத்த நீளம் எல்லாம் என் பள்ளிக்கூட ஸ்கேலில் எடுத்தவை.

மாமா கருங்குழியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊர்த் திருவிழாவுக்கு வாசிக்கும் நாதஸ்வரக்காரர் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, வாத்தியத்தையும் எங்களிடம் விட்டு டீ குடிக்கப் போனபோதுதான் அளந்தோம். திரும்பி வந்தவரிடம் மாமா மேலே செருகி ஊதும் பழைய சீவாளி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை.

ஆடி மாதம் ஊரைச் சுற்றும் மேளம், எங்கள் காலனி முனைக்கு வந்ததும் திரும்பிவிடும். அதே நாளில் கூழ் ஊற்றும் எங்கள் அம்மனுக்குப் பம்பை மட்டும்தான். இந்த வருஷம் நாதஸ்வரம் உண்டு என்று மாமா வீடுவீடாகச் சொல்லியிருந்தார். காலனியில் வீடுகள் நாற்பத்தொன்று, எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

புதுப்பட்டினத்தில் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைத்தது. துளை போட்டு, மேலே சீவாளியைச் செருகினோம். நாதஸ்வரம் கீழே போகப்போக அகலமாவது பார்வைக்காக என்று நினைத்து, அடியில் ஒரு மண்ணெண்ணெய்ப் புனலைப் பொருத்தினோம். ஊதிப் பார்க்கக்கூட நேரமில்லை. பசை காய்வதற்குள் ஆடி வந்துவிட்டது.

அம்மன் புறப்பட்டதும் மாமா ஊதினார். கன்றைத் தேடும் எருமையின் குரல் வந்தது. அழுத்தி ஊதினால் மேல் சுரத்துக்குப் போகாமல் வேறெங்கோ தாவியது. எந்தப் பாட்டும் பாட்டாக வரவில்லை.

"இன்னா மச்சான், ஆத்தாவுக்குப் பால் கறக்கவா போற?" என்றார் பம்பைக்காரர்.

சுற்றி எழுந்த சிரிப்பில் மாமாவின் காது சிவந்தது. முனையில் ஊர் மேளம் நின்றிருந்தது. சீவாளி கொடுத்த அதே நாதஸ்வரக்காரர் அங்கிருந்து சற்று நேரம் கேட்டார். பிறகு கூட வந்தவர்கள் கூப்பிடக் கூப்பிட நேரே எங்களிடம் நடந்து வந்தார்.

"யார்ரா இத்த செஞ்சது? குடு." புனலையும் சீவாளியையும் கழற்றி, குழாயைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார்.

"அளவெல்லாம் கரெக்டா எடுத்தோம் அண்ணாத்த" என்றார் மாமா.

"வெளிய எடுத்த. உள்ள பாத்தியா? மேல எத்தினி அகலமோ கீழயும் அத்தினிதான் கீது. உள்ள விரிஞ்சிகினே போவணும்பா. அப்பதான் நாதஸ்வரம் மாதிரி பேசும். நேரா இருந்தா இப்டிதான், அடித்தொண்டைல முனகும்."

மாமா தலை குனிந்து நின்றார். நாதஸ்வரக்காரர் சீவாளியை மறுபடி செருகி, குழாயைத் திருப்பிக் கொடுத்தார்.

"முனகட்டும். துளையெல்லாம் அடச்சிக்கோ. ஒரே சுரத்த விடாம புடி. எனக்கு ஒத்து வேணும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தன் நாதஸ்வரத்தை எடுத்தார். மாமாவின் குழாய் அடியில் முனக, அதன்மேல் அவர் வாசிப்பு ஏறியது. பம்பை சேர்ந்துகொண்டது. அம்மன் தெருக்கோடி வரை போனாள்.

எனக்கு அழுகையாக வந்தது. அவ்வளவு கவனமாக அளந்த ஏழு துளையும் வீணாகிவிட்டதே என்று அம்மாவிடம் போய் முறையிட்டேன். அம்மா எங்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு அந்த மனிதரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்து முடிக்கும்வரை தெருவில் எல்லார் கண்ணும் அந்தச் செம்பின் மேலேயே இருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பதை எல்லாரும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.