மைக் அக்காவின் தொண்டை

ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. மாடியில் கண்ணாடி பதித்த சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்வது அவர் வேலை. சொன்ன சொல் கீழே இறங்கி, தகரக் கூரையில் பட்டு, கொஞ்சம் பிந்தி அவருக்கே திரும்பி வரும். யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் மூக்கு அடைத்தது. சளிதானே என்று விட்டுவிட்டார். மழை போயிற்று, அடைப்பு போகவில்லை. பிறகு தொண்டையில் பஞ்சு மாட்டிக்கொண்டதுபோல ஒன்று. விழுங்கினால் போகாது, கனைத்தால் வராது. அப்புறம் நெஞ்சு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடவென்று அடித்துக்கொண்டு, தானாகவே அடங்கும். கன்னமெல்லாம் கனத்துப்போய், தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல நாட்கள் நகர்ந்தன.

மூக்கில் ஒன்றுமில்லை என்றார் மூக்கு டாக்டர். இதயம் ஜம்மென்று இருப்பதாகச் சொன்னார் இதய டாக்டர். மூன்றாமவர் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "எல்லாம் மனசுதாம்மா" என்றார்.

அக்காவின் கணவர் தச்சு வேலை பார்ப்பவர். அவரிடம் வந்து பொருமினார் அக்கா.

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லச் சொல்ல எனக்கு அழுகைதாங்க வருது. அப்போ நான் பொய்யா சொல்றேன்?"

"நீ பொய் சொன்னா மூஞ்சியே காட்டிக் கொடுத்துடுமே. வா, இன்னொருத்தரப் பாப்போம்."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் சும்மா இருப்பாளா? "ஆளாளுக்கு உங்களப் பங்கு போட்டுக்கிட்டாங்க அண்ணி. மூக்கு ஒருத்தருக்கு, நெஞ்சு ஒருத்தருக்கு. முழு ஆளு யாருக்கும் வேணாம் போல." அக்கா சிரித்துவிட்டார். சிரித்ததும் இருமல் வந்தது.

ஒரு நண்பகலில், "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த சொல் வரவில்லை. மைக் திறந்தே இருந்தது. மூச்சு மட்டும் நிலையம் முழுக்கப் பரவியது. கண்ணாடி வழியே பார்த்தார். பெட்டியைத் தூக்கியவர்கள் தூக்கியபடி, பேசியவர்கள் பேச்சை நிறுத்தி, எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு ஏனோ உடம்பு லேசானது. இத்தனை மாதம் ஒருவர் காதிலும் விழாத தன் தொண்டை, இன்று இத்தனை பேருக்குக் கேட்டுவிட்டது.

அந்த வாரமே ஒரு தொண்டை டாக்டரிடம் போனார். அந்த அம்மா அக்காவின் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, திரையில் காட்டினார். ஈரமான இரண்டு வெள்ளை இதழ்கள்போலக் குரல்நாண்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இவ்வளவு காலம் வண்டிகளையெல்லாம் கூப்பிட்டது இதுவா என்று திரையையே பார்த்தார் அக்கா.

"பின்பக்கம் செவந்து வீங்கியிருக்கு பாருங்க. ராத்திரி எப்போ சாப்பிடுவீங்க?"

"ஷிஃப்ட் முடிச்சு வந்து சாப்பிட்டதும் படுக்கையில விழுவேன்."

"வயித்துப் புளிப்பு மேல ஏறி வருது. நெஞ்செரிச்சலே இல்லாமலும் சிலருக்கு இப்படி வரும். மூக்கும் அதனால அடைச்சிருக்கலாம்."

"அந்தப் படபடப்பு?"

அக்கா கொண்டுவந்த பழைய ரிப்போர்ட்டுகளை டாக்டர் புரட்டினார். "இதயத்துல கோளாறு இல்லன்னு பாத்தாச்சு. இதனாலயும் இருக்கலாம். உறுதியா எனக்குத் தெரியலம்மா. அதிகமானா உடனே வாங்க."

அத்தனை 'ஒண்ணுமில்ல'க்களையும்விட அந்த ஒரு 'தெரியல' அக்காவுக்கு இதமாக இருந்தது.

மாத்திரை வந்தது. சாப்பாடு வேலைக்கு நடுவிலேயே முடிந்தது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்கள் என்றதும், கணவர் மரக்கட்டை அறுத்து, தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்தார். பஞ்சு மெல்ல மெல்லக் கரைந்தது. மூக்கு திறந்தது. படபடப்பு மட்டும் எப்போதாவது வந்து போகிறது. வந்தால் நின்று, அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு நடக்கிறார்.

தூக்கத்தில் ஏதோ மலைச்சரிவில் மிதந்து இறங்குவதுபோல இருக்கிறது. விடிந்து கண் திறந்தால் கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறார். கணவர் அவருக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

"கட்டை கொஞ்சம் உசரமாப் போச்சோ?" என்கிறார் தச்சர், கண்ணைத் திறக்காமலே.

"இருக்கட்டுங்க" என்கிறார் அக்கா.