குப்புறப் படுத்தவர்

தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்ததிலிருந்து இசக்கித்துரைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகில் படுக்கைப்புண் வராமலிருக்க, மனைவி பொன்மணி தினமும் அவரைக் குப்புறப் புரட்டிப் போடுவாள். ஆரம்பத்தில் மூச்சு முட்டுகிறதென்று அவளைத் திட்டித் தீர்த்தவர்தான்.

கொரோனா வந்து அவரைச் சேர்த்த வார்டுக்குள் பொன்மணியை விடவில்லை. "இந்த உடம்பு தாங்காது" என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

மூச்சு சீராவதற்காக எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொன்னார் நர்ஸ்.

"புரட்டி மட்டும் விடுங்கம்மா. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார் இசக்கித்துரை.

பக்கத்துக் கட்டிலில் சங்கரன்கோவில் பூ வியாபாரி ஒருவர். குப்புறப் படுத்த கொஞ்ச நேரத்திலேயே அழுதுவிட்டார்.

"உமக்கு மட்டும் எப்படி வே முடியுது?"

இசக்கித்துரை முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"எனக்கு இது பழகின பள்ளிக்கூடம். நீரு இன்னைக்குத்தான வே சேந்திருக்கீரு. அழத்தான் செய்வீரு."