வலிக்காத காலும் புதுச் சப்பாத்தும்

குதிகாலில் கொப்புளம் வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் என்மேல் கொஞ்சம் இரக்கப்படுங்கள். கொஞ்ச நாளாகவே எனக்கு உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

போன மாதம் என் கணவர் வேலை செய்யும் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் குடும்ப தினம். எஸ்பிளனேட் கடற்கரையோரம் எல்லாரும் குடும்பத்தோடு நடக்க வேண்டுமாம். அதற்கென்றே எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி சப்பாத்து வாங்கி வந்தார். அன்றைக்கு வரை அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. புதுசை நல்ல நாளில்தானே போடுவோம்!

பாதி தூரம்கூடப் போகவில்லை, குதிகால் எரிய ஆரம்பித்துவிட்டது. வெயில், வியர்வை, ஊறிப்போன காலுறை, விறைப்பான புதுச் சப்பாத்து... உரசு உரசென்று உரசிவிட்டது.

"என்னங்க, என்னால முடியல. கொஞ்சம் உட்காரலாம்."

"இதுக்கேவா? நானும் அதே சப்பாத்துதானே போட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் வலிக்கல லா!"

கூட வேலை செய்பவர்கள் முன்னால் இதைச் சொல்லி ஒரு சிரிப்பு வேறு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நொண்டிக்கொண்டே நடந்து முடித்தேன்.

வீட்டு வாசலில் சப்பாத்து, காலுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சேஃப்டி பின்னை எடுத்து என் கொப்புளத்தைக் குத்திவிட்டு நிமிர்ந்தால் — ஹால் தரையில் சிவப்புத் திட்டுகள். அவர் நடந்து போன வழி.

"என்னங்க, நில்லுங்க! கால்ல ரத்தம்!"

"எங்க?" என்று காலைத் தூக்கிப் பார்த்தார். "அடடா... இது எப்ப ஆச்சு?"

உள்ளங்காலில் கொப்புளம் எழும்பி, உடைந்து, தோல் பிய்ந்து தொங்கியது. என்னுடையதைவிடப் பெரியது. அவருக்குத் தெரியவே இல்லை!

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அவருக்குப் பல வருடமாக இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி. கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கும் அதேதான். அண்ணனுக்கு ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்தது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள்.

கிளினிக்கில் அவருக்குக் கட்டுப்போட்ட நர்ஸ் மிஸ்ஸி நம் தமிழ்ப் பெண்தான்.

"அண்ணே, உங்க கால்ல உணர்ச்சி குறைஞ்சிருச்சு. வலிக்கலன்னா நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க. தினமும் காலைப் பாருங்க. சாயங்காலமா போய் சப்பாத்து வாங்குங்க, அப்ப கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியா வரும். ஈரமான ஸ்டாக்கிங்க உடனே மாத்திடுங்க. கொப்புளத்தை ஊசியால குத்தவே கூடாது..."

நான் என் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"அப்புறம், புது சப்பாத்தை முதல்ல வீட்டுக்குள்ளயே போட்டு, கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகுங்க."

வீட்டுக்குள்ளா? மாதா படம் மாட்டியிருக்கும் ஹாலில் சப்பாத்தா? சமையல் கேஸ் தோம்பு தூக்கி வருபவரைக்கூட வாசலிலேயே கழற்ற வைக்கிறவள் நான். மிஸ்ஸியிடம் பேருக்குத் தலையாட்டி வைத்தேன்.

புண் ஆற வாரக்கணக்கானது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "அண்ணனுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிருமா?"

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினேன்.

நல்லவேளை, புண் ஆறிவிட்டது. முந்தாநாள் சாயங்காலம் போய், விரல்கள் தாராளமாக அசைகிற மாதிரி இன்னொரு ஜோடி வாங்கி வந்தோம். நேற்று அதைப் போட்டுக்கொண்டு கேட் வரை போய் வந்தவர், வாசற்படியில் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள இன்னும் கொஞ்சம் நடக்கணும்... தரை அழுக்காகும். திட்டுவியே?"

"வாங்க. நடங்க."

மாதாவுக்கு முன்னால் டக் டக்கென்று நடக்கிறார். நான் மாப்பும் கையுமாகப் பின்னாலேயே போகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது.

தரையைத் துடைத்துக்கொள்ளலாம்... காலுக்கு எங்கே போவேன்?