நீல டிரம்மில் வளர்ந்த கீரை

"பன்னிரண்டாம் நாள்: டிரம்மில் விட்ட மண்புழுக்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. வெயில் காரணமாக இருக்கலாம்." என் தோட்டக் குறிப்பேட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் மொட்டைமாடியில் போட்ட முதல் தோட்டம் அது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, சிறுகீரை விதைத்திருந்தேன். கீரை என்னவோ தளதளவென்றுதான் வளர்ந்தது. இருபத்தைந்தாம் நாள் காலை பறித்து, பத்து மாதப் பேத்திக்கு மசித்து ஊட்டச் சொல்லி மனைவியிடம் கொடுத்துவிட்டு மறுபடி மாடிக்குப் போனேன்.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு பாஷா, டிரம்மைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் முலாம் பூசும் கம்பெனியில் வேலை செய்பவர்.

"சார், ஆசிட், கெமிக்கல் வர்ற இந்த மாதிரி டிரம்மை எங்க கம்பெனில கிளவுஸ் போடாம தொடவே உடமாட்டாங்க. நீங்க கீரை போட்டு வெச்சிருக்கீங்க!"

"மூணு தடவ கழுவுனேனே பாய்."

"கழுவுனா போயிருமா? பாப்பாவுக்கு குடுத்துட்டீங்களா?"

படியிறங்கி ஓடினேன். முதல் கரண்டி குழந்தையின் உதட்டருகே இருந்தது. தட்டிவிட்டேன். குழந்தை வீறிட்டு அழுதது.

இப்போது புதிய மண்தொட்டியில் மட்டுமே விதைக்கிறேன். அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அதனோடு ஒரே வண்டியில் வந்த இன்னும் நான்கு டிரம்களை விற்றுவிட்டதாகச் சொன்னார். அவை யார் வீட்டு மாடியில் இருக்கின்றன என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.