சரக்குப் படகில் கேட்ட சிரிப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம் நடந்தது இது. எங்களுக்குச் சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை. என் கணவர் நெல் அறுக்கும் மிஷின் டிரைவர். எங்கள் பக்கம் அறுப்பு முடிந்ததும் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு, குட்டநாட்டு வயல்களுக்குப் போய்விடுவார்.

வீட்டில் அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட மனுசன், அங்கேயிருந்து போன் வந்தால் மட்டும் கொல்லைப்புறம் போய் மலையாளத்தில் பேசிப் பேசிச் சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். எவளோ இருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். அண்ணனிடம் சொல்லி, கம்பத்தில் ஒரு உரக்கடையில் அவருக்கு வேலையும் பேசி வைத்தேன்.

"இந்தத் தடவ நானும் வாரேன். அதோட அந்த ஊருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருங்க" என்றேன். வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டினார்.

நாங்கள் போன வயலுக்கு ரோடு கிடையாது. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, பலகை அடித்த சரக்குப் படகில் மிஷினை ஏற்றினார்கள். டீசல் கேன்களுக்குப் பக்கத்தில், சாக்குக் கட்டின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். 'அவள்' எங்கே என்று கண் தேடியது. கடைசியில் விசாரித்தால், அவரோடு போனில் பேசிச் சிரிப்பது இந்தப் படகோட்டும் பெரியவர்! முன்பல் இரண்டும் இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் புருசன் கதை சொல்லச் சொல்ல படகே சிரித்தது. நடுத் தண்ணீரில் காற்றடித்துப் படகு சாய்ந்தபோது, மிஷினில் தாவி ஏறி அதைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, கயிற்றை இறுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். படகில் இருந்த அத்தனை பேரும் அவர் சொன்னபடி செய்தார்கள். என் அண்ணன் முன்னால் கைகட்டி நிற்கும் ஆள்தானா இது? எவளாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இந்தப் படகோடு போய் என்ன சண்டை போடுவது?

பெரியவர் என் பக்கம் திரும்பி, "வீட்டிலயும் ஆளு இங்ஙனெ தமாசாணோ, மோளே?" என்றார். வீட்டிலும் இப்படித்தான் தமாஷ் பண்ணுவாரா என்று கேட்கிறார்.

என் புருசனை யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்வது நான்தான். அன்றைக்கு என்னையே கேட்டபோது, டீசல் கேன் மூடியைத் திருகத் தொடங்கினேன். என் புருசன்தான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல இதவிடக் கூடுதல்."

சாயங்காலம் அண்ணன் போன் செய்து, "மாப்பிள்ள எப்பருந்து வேலைக்கு வாராரு?" என்றார்.

"அவுகளையே கேளுங்கண்ணே" என்று போனை அவரிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று தன் வாயாலேயே சொன்னார்.

அந்தப் பல்லில்லாத கிழவர் மேல் இன்றும் எனக்குப் பொறாமைதான். ஆனாலும் என் மானத்தைக் காப்பாற்ற என் புருசன் சொன்ன அந்தப் பொய்யை மெய்யாக்க, வீட்டில் அவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.